வாசலில் நிற்கும் மோட்டார் வீடும் அதன் பற்றரிகளும்

பிறநாடுகளிற் குடியேறி, உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய எமது கல்லூரிப் பழைய மாணவருட் சிலர், இக்காலத்தில் மோட்டார் வீடு எனப்படும் ஊர்தியை வாங்கி வைத்திருக்கின்றனர். உண்ணவும் உறங்கவும் நீராடவும் வேண்டிய வசதிகளையெல்லாம் ஒரு சிறு லொறியின் முதுகில் ஏற்றியமைத்ததே இவ்வூர்தி. ஓட்டல் தேடி அலையாது, சோறும் குழம்பும் தம் விருப்பப்படி சமைத்துண்டு, ஸ்கொத்லாந்தின் மலைச்சாரலிலோ வேல்ஸின் கடற்கரையிலோ ஓரிரவு தங்கி வரலாம் என்பதே நம்மவர்க்கு அதன்மீதுள்ள விருப்பத்துக்குக் காரணம். மரக்கறியுணவே கொள்வோர்க்கு இஃது எத்துணை ஆறுதல் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் இவ்வூர்தி ஓடும் நாள்களிலும் நிற்கும் நாள்களே மிகப் பல. இங்கிலாந்தில் ஐப்பசி பிறந்தால் அதனை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் பங்குனி வரை தொடாதிருப்போர் பலர். இளவேனில் வந்ததும் திறப்பை இட்டு முறுக்கினால் எஞ்சின் பேசாது. “போன வருடம் நன்றாயிருந்த பற்றரி, ஒரு மைல்தானும் ஓடாமலே எவ்வாறு கெட்டது?” என்று அவர் வியப்பார். ஓடாமையாலேயே கெட்டது என்பதுதான் விடை. அது கெடும் வகையையும், கெடாது காக்கும் வகையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மோட்டார் வீடு இலங்கையில் அரிதெனினும், ஆண்டிற் பதினொரு மாதம் கொட்டகையில் நிற்கும் கார் நம் ஊரில் அரிதன்று. அதற்கும் இங்கே கூறுவன பெரும்பாலும் பொருந்தும்.

முதலிற் பற்றரியின் உள்ளே நடப்பதைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். 1859ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே ஈயத்தகடுகளைக் கந்தகவமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை ஆக்கினார். 1881இல் அவர் நாட்டவரான கமீல் ஃபோர் என்பார், ஈயச் சேர்வையைப் பசையாக்கித் தகட்டிற் பூசும் முறையைக் கண்டு அதனைத் தொழிலுக்கு ஏற்றதாக்கினார். அதன்பின் எவ்வளவோ திருத்தங்கள் வந்தபோதிலும், இன்று நம் வண்டிகளில் உள்ளதும் அடிப்படையில் அக்கலமே. ஒரு தகட்டில் ஈயவீரொட்சைட்டு, மற்றதிற் கடற்பஞ்சு போன்ற தூய ஈயம், இடையே அமிலம். மின் வெளியேறும்போது இரு தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீராகின்றது. மின்னை உட்செலுத்தும்போது இவை அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இவ்வாறு கலமொன்று சுமார் 2 உவோற்று அழுத்தம் தர, ஆறு கலங்கள் தொடராகச் சேர்ந்து நாம் 12 உவோற்றுப் பற்றரி என்று சொல்வது ஆகின்றது.

இங்கே உள்ள சிக்கல் அந்த ஈயசல்பேற்றுத்தான். மின் வெளியேறிய உடனே அது மிக நுண்ணிய மணிகளாய்த் தகட்டின்மீது படிந்திருக்கும். அந்நிலையில் மின்னேற்றினால் இலகுவிற் கரைந்து மீளும். அப்படியே வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ, நுண்மணிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரும் பளிங்குகளாக வளர்ந்துவிடும். பனங்கற்கண்டு செய்வோர் காய்ச்சிய பாணியைப் பானையில் அசையாது வைத்துவிட, நாள்பட நாள்படக் கட்டி கட்டியாகக் கற்கண்டு விளைவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். சீனியை வாயிலிட்டாற் கணத்திற் கரையும். கற்கண்டோ நெடுநேரம் கிடக்கும். சல்பேற்றும் அவ்வாறே. பருத்த பளிங்கின் உள்ளே மின்னோட்டம் எளிதிற் புகாது. அது மூடிய பகுதி தகட்டுக்குப் பயனற்றதாகிவிடும். நூறு அம்பியர்-மணி கொள்ளளவு எழுபதாகும், ஐம்பதாகும், பின் எஞ்சினைச் சுழற்றும் வலுவும் போய்விடும். ஆதலின் பற்றரியை அழிப்பது வெறும் காலம் அன்று. குறையேற்றத்துடன் கழியும் காலமே. நிறைந்த வயிற்றுடன் கிடக்கும் பற்றரி பல ஆண்டு வாழும்; அரைவயிற்றோடு கிடப்பது ஒரு மாரியிலேயே நோயாளியாகிவிடும்.

நிறைத்து நிறுத்திய பற்றரி எவ்வாறு குறைகின்றது? இரண்டு வழிகள் உள. ஒன்று, யாதொரு கம்பியும் தொடுக்கப்படாவிடினும் தன்னுள்ளேயே நிகழும் மெல்லிய இழப்பு. பழைய வகைத் தகடுகளில் இது மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து முதற் பத்து வரை செல்லலாம்; தகட்டில் கல்சியம் சேர்ந்த இக்காலப் பற்றரிகளில் அதனினும் குறைவு. வெப்பம் ஏறத்தாழப் பத்துப் பாகை கூடும்போது இவ்விழப்பு இருமடங்காகும் என்பதை நினைவிற் கொள்க. மற்றைய வழியே பெரிது. வண்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க, கதவு பூட்டியிருக்க, எச்சரிக்கை மணி விழித்திருக்கின்றது. வானொலி தன் நினைவைக் காத்திருக்கின்றது. திருடர் கொண்டுசென்றால் இருப்பிடம் அறிவிக்கும் கருவி அவ்வப்போது செய்தி அனுப்புகின்றது. இவை யாவும் சேர்ந்து 50 மில்லி அம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். பார்வைக்கு அற்பமே. ஆனால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி, முப்பது நாளில் 36 அம்பியர்-மணி. நூறு அம்பியர்-மணி கொண்ட பற்றரி ஆறு வாரத்திற் பாதியாகிவிடும். ஐப்பசியில் நிறுத்தியவர் மார்கழித் திருவெம்பாவைக்கு முன்னரே அதனைப் பாதி இழந்துவிடுகின்றார்.

மோட்டார் வீட்டுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதனை அறியாதவரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர். அதிலுள்ள பற்றரி ஒன்றன்று, இரண்டு. எஞ்சினைத் தொடக்குவதற்கு ஒன்று. உள்ளே விளக்கு, நீர்ப்பம்பி, குளிர்ப்பெட்டியின் கட்டுப்பாடு முதலியவற்றுக்கு மற்றொன்று. முன்னையதை எஞ்சின் பற்றரி எனவும் பின்னையதை இல்லப் பற்றரி எனவும் இங்கு வழங்குவோம். எஞ்சின் பற்றரியில் மெல்லிய தகடுகள் பல உள. இரண்டு மூன்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் கொடுப்பதே அதன் தொழில். இல்லப் பற்றரியிற் தகடுகள் தடித்தவை. சிறிது சிறிதாக நெடுநேரம் கொடுப்பது அதன் தொழில். ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் ஒப்பித்தால் இரண்டும் விரைவிற் கெடும்.

மாரிக்காலத்தில் வீட்டு மின்சாரத்தை வண்டிக்குத் தொடுத்துவிட்டால் எல்லாம் நலமென்று பலர் எண்ணுகின்றனர். எமது வகுப்புத் தோழர் ஒருவர் இலண்டனுக்கு வடக்கே வசிக்கின்றார். மாரி முழுவதும் தமது மோட்டார் வீட்டை வீட்டு மின்சாரத்தோடு பிணைத்தே வைத்திருந்தார். உள்ளிருந்த பலகையும் 13.6 உவோற்று என்று காட்டிக்கொண்டேயிருந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தார். அன்று காலை பிள்ளைகள் தலையணையும் போர்வையுமாக ஏறி அமர்ந்தபின் திறப்பை முறுக்கினால் ஓசை இல்லை. பலகை காட்டியது இல்லப் பற்றரியின் அழுத்தத்தை. வண்டியிற் பொருத்தியிருந்த மின்னேற்றியும் இல்லப் பற்றரிக்கு மாத்திரமே ஊட்டியது. எஞ்சின் பற்றரியோ ஐந்து மாதமும் ஒரு துளியும் பெறாது, எச்சரிக்கை மணிக்கும் இருப்பிடக் கருவிக்கும் ஊட்டிச் சோர்ந்துவிட்டது. அதன் அழுத்தம் பத்து உவோற்றிலும் குறைந்திருந்தது. அன்று அவர் செய்த அடுத்த காரியம் இதனினும் கெடுதியானது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இரண்டையும் ஒருங்கே ஊட்டும் மின்னேற்றிகள் சில வண்டிகளில் உள, பலவற்றில் இல்லை. வண்டிக் கைந்நூலைப் படிப்பதிலும் நேரே அளந்து பார்ப்பதே மேல். வண்டியை வீட்டு மின்சாரத்தோடு தொடுக்குமுன் இரு பற்றரிகளின் முனைகளிலும் உவோற்றுமானியை வைத்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்க. தொடுத்து அரைமணி சென்றபின் மீண்டும் பார்க்க. எந்தப் பற்றரியின் அழுத்தம் 13 உவோற்றுக்கு மேல் ஏறியதோ அதுவே உண்கின்றது, ஏறாதது பட்டினி. பட்டினி கிடப்பதற்கு இரண்டு பரிகாரம் உண்டு. தனியாக ஒரு சிறு மின்னேற்றியை அதற்கென வைக்கலாம். அல்லது, இல்லப் பற்றரி நிறைந்தபின் அதிலிருந்து சிறிதளவை எஞ்சின் பற்றரிக்குக் கசியவிடும் இணைப்புக் கருவியை இடையே பொருத்தலாம். பின்னையது சிறிய பொருள், விலையும் பெரிதன்று. புதிதாக வண்டி வாங்குவோர் இதனை முதலிலேயே கேட்டு வாங்குதல் நன்று.

உவோற்றுமானியைப் பற்றிக் கூறினோம். ஓடிய வண்டியையோ ஏற்றிய பற்றரியையோ உடனே அளந்தால் அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும். ஆதலின் நான்கைந்து மணி, இயலுமாயின் ஓரிரவு, ஓய்ந்திருந்தபின் அளத்தல் வேண்டும். அப்போது 12.6 அல்லது 12.7 உவோற்று இருப்பின் பற்றரி நிறைவு, 12.4 எனில் முக்காலளவு, 12.2 ஆயின் பாதி, 11.9 ஆயின் வெறுமை என்றே கொள்ளலாம். பன்னிரண்டு உவோற்றுப் பற்றரியிற் பன்னிரண்டு இருக்கின்றதே, போதும் என்று கருதுவோர் உளர். பன்னிரண்டு என்பது ஏறத்தாழ வெறுமையின் வாசல். மூடி திறக்கும் வகைப் பற்றரியாயின் நீரமானி இன்னும் நம்பத்தக்கது: நிறைவில் அமிலத்தின் தன்னீர்ப்பு 1.27 அல்லது 1.28 அளவில் நிற்கும், வெறுமையில் 1.12 வரை இறங்கும். ஆறு கலங்களுள் ஒன்று மாத்திரம் மற்றவற்றினின்றும் பெரிதும் விலகி நிற்பின், எவ்வளவு ஏற்றினும் அப்பற்றரி இனித் தேறாது.

மின்சாரம் எட்டாத நம் கிராமங்களில் மோட்டார்ப் பற்றரியைச் சைக்கிளின் பின்னே கட்டிச் சென்று, ஏற்றுவித்து வந்து, வானொலியும் பின்னாளிற் தொலைக்காட்சியும் நடத்திய காலம் ஒன்று இருந்தது. ஏற்றிக்கொடுக்கும் கடைக்காரர் பௌதிகம் படித்தவரல்லர். எனினும் நீரமானியின் மிதப்பைப் பார்த்தும், கலத்தில் எழும் குமிழியைப் பார்த்தும், பற்றரியின் நிலையைக் கூறிவிடுவார். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்விநியோகம் அற்றுப்போனபின், சைக்கிள் டைனமோவைக் கையாற் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை, மின்னின் அருமையை எவரும் கற்பிக்காமலே அறியும். அக்கடைக்காரரிடம் இருந்த மின்னேற்றி, மாற்றியும் நேராக்கியும் மாத்திரம் கொண்ட எளிய கருவி. பற்றரி நிறைந்துவிட்டதா இல்லையா என்பதை அது அறியாது. அவர்தாம் அறிந்து கழற்றுவார். அத்தகைய கருவியை ஆளில்லாத வண்டியில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் நேர்வது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நிறைந்த பற்றரிக்குள் மேலும் செல்லும் மின் தகடுகளை மாற்றாது. அமிலத்திலுள்ள நீரையே ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். ஓர் அம்பியர்-மணி மிகையாகச் சென்றால் ஆறு கலங்களிலும் சேர்ந்து சுமார் 2 கிராம் நீர் மறையும். ஏறத்தாழ இரண்டரை இலீற்றர் ஐதரசன் வெளிப்படும். ஓர் அம்பியர் ஓட்டம் ஒரு மாதம் ஓயாது சென்றால் 720 அம்பியர்-மணி. மறைந்த நீர் ஏறக்குறைய ஒன்றரை இலீற்றர். தகடுகள் காற்றிற் காய்ந்துவிட அதுவே போதும். ஆகவே பட்டினியும் கேடு, மிகையூணும் கேடு.

இக்காலத்து நல்ல மின்னேற்றிகள் இதனைப் படிப்படியாகச் செய்கின்றன. முதலில் தன் முழுவலுவோடு ஓட்டத்தைச் செலுத்தி அழுத்தத்தைச் சுமார் 14.4 உவோற்று வரை உயர்த்தும். பின் அவ்வழுத்தத்தை மாறாது பிடித்துக்கொண்டு, ஓட்டம் தானாகக் குறைந்து வரும்வரை காத்திருக்கும். இந்த இரண்டாம் படி பொறுமையை வேண்டுவது. கடைசி ஐந்திலொரு பங்கு நிறைவதற்குச் செல்லும் நேரம் முதற் பெரும்பங்குக்குச் சென்ற நேரத்திலும் மிகுதியாயிருக்கலாம். ஈற்றில் 13.5 முதல் 13.8 வரையான தாழ்ந்த அழுத்தத்துக்கு இறங்கி, உள்ளிழப்பை மாத்திரம் ஈடுசெய்துகொண்டு நிற்கும். அந்நிலையில் எத்தனை மாதமும் விட்டுவைக்கலாம். பழைய மோட்டார் வீடுகள் சிலவற்றில் 13.8 உவோற்றையே எப்போதும் தரும் கருவி உண்டு. நிறைந்த பற்றரியைப் பேணுதற்கு அது போதும். குறைந்ததை முழுதும் நிறைத்தற்கு மிக மெதுவானது. கூழ்வகைப் பற்றரி வைத்திருப்போர் மின்னேற்றியில் அதற்குரிய தெரிவை அமைத்தல் அவசியம். சாதாரண அமிலப் பற்றரிக்கு ஏற்ற மேலழுத்தம் கூழைக் குமிழியாக்கி நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

வெப்பநிலையையும் சொல்லிவிடவேண்டும். மேற்கூறிய அழுத்தங்கள் 20, 25 பாகை செல்சியஸ் அளவுக்கு உரியன. குளிரிற் சிறிது கூட்டவும் வெம்மையிற் சிறிது குறைக்கவும் வேண்டும். ஒரு பாகைக்குப் பன்னிரண்டு உவோற்றுப் பற்றரியில் 20 மில்லி உவோற்று அளவு எனக் கொள்ளலாம். பனிக்காலத்து வாசலில் 5 பாகையில் நிற்கும் பற்றரிக்கு 13.6 என்பது 14 ஆகும். வெப்பமுணரி இணைந்த மின்னேற்றிகள் இதனைத் தாமே செய்யும். கனடாவில் வாழும் நண்பர் வேறொன்றையும் அஞ்சவேண்டும். நிறைந்த பற்றரியின் அமிலம் சுழியத்துக்குக் கீழ் ஐம்பது பாகை வந்தாலும் உறையாது. வெறுமையான பற்றரியின் அமிலமோ பெரும்பாலும் நீராகவேயிருத்தலாற் கீழ் எட்டுப் பாகை அளவிலேயே உறைந்து, பெட்டி வெடித்து, தகடுகள் வளைந்துவிடும். உறைந்த பற்றரிக்கு ஒருபோதும் மின்னேற்றல் ஆகாது. ஆயினும் கடுங்குளிருக்கு ஒரு நன்மையும் உண்டு: நிறைத்து, கம்பிகளைக் கழற்றிவிட்ட பற்றரி அக்குளிரில் உள்ளிழப்பின்றி மாதக்கணக்கில் உறங்கும்.

இனி, வீட்டிலிருந்து வண்டிக்கு மின் கொண்டுசெல்லும் கம்பி. இங்கிலாந்தில் முகாம் தளங்களிலுள்ள நீலநிறமான 16 அம்பியர் செருகியை வீட்டின் 13 அம்பியர்ச் செருகிக்கு மாற்றும் சிறு கம்பி விற்பனையாகின்றது. அதனோடு, 30 மில்லி அம்பியர் மின்னொழுக்கிலேயே துண்டித்துவிடும் காப்பாளி, நம் ஊரில் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்வது, வீட்டுப் பக்கத்திற் கட்டாயம் இருத்தல் வேண்டும். பத்து அம்பியர் மின்னேற்றி வீட்டு மின்சாரத்தில் இழுப்பது ஓர் அம்பியரிலும் குறைவு. அத்தோடு நின்றால் அபாயமில்லை. ஈரம் போக்கவென்று 2000 உவாற்று வெப்பமூட்டியையும் வண்டியினுள்ளே வைத்துவிட்டுப் போவோர் உளர். அதுதான் கம்பியைச் சூடாக்குவது. உருளையிற் சுற்றியபடியே கம்பியைப் பயன்படுத்தல் கூடாது. சுற்றிய கம்பியின் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்ந்து காப்புறை உருகிவிடும். முழுவதையும் அவிழ்த்து நிலத்திற் பரப்பிவிடுக. இணைப்பு முனைகள் மழைநீர் தேங்குமிடத்திற் கிடத்தல் ஆகாது. யன்னலை நெரித்துக் கம்பியைக் கொண்டுபோதலும் ஆகாது.

கூரையிற் சூரியத்தகடு இருக்கின்றது, கம்பி எதற்கு என்பார்க்கு ஒரு சொல். கோடையில் அவர் கூற்று முற்றும் மெய். மார்கழியில் அவ்வாறன்று. டிசெம்பர் 21ஆம் திகதி நண்பகலில் இலண்டனிற் சூரியன் அடிவானுக்கு மேல் 15 பாகையே எழுகின்றான். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் அவன் உயரம் 57 பாகை. கூரையிற் படுத்திருக்கும் தகட்டுக்கு அச்சாய்ந்த ஒளியிற் கிடைப்பது யூன் மாதத்திற் கிடைப்பதிற் சுமார் பத்திலொன்று. நூறு உவாற்றுத் தகடு நாளொன்றுக்கு மூன்று அம்பியர்-மணி தந்தால் அதுவே பெரிது; அயல்வீட்டுச் சுவரின் நிழல் விழுந்தால் அதுவும் இல்லை. எச்சரிக்கை மணியின் செலவை அது தாங்கலாம். வாயுக்கசிவு அறிவிக்கும் கருவியையும் சேர்த்துத் தாங்குவது ஐயம். மேலும் பல வண்டிகளிற் சூரியத்தகடும் இல்லப் பற்றரியோடு மாத்திரமே தொடுக்கப்பட்டுள்ளது. முன்னே சொன்ன சோதனையை இதற்கும் செய்க.

வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்துவது பலரின் வழக்கம். அயலவர்க்கு இரைச்சல் கொடுப்பதன்றி இதனாற் பயன் சிறிது. நின்ற இடத்தில் மெதுவாகச் சுழலும் எஞ்சின் 20 அம்பியர் கொடுத்தாலும் பத்து நிமிடத்திற் கிடைப்பது மூன்று அம்பியர்-மணி அளவே; வாரத்தில் இழந்ததோ எட்டுக்கு மேல். எஞ்சினும் முழுச்சூடு அடையாமையால் நீராவி எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கித் துருவை வளர்க்கும். ஓட்டுவதாயின் மாதத்துக்கு ஒருமுறை ஒருமணி நேரம் தெருவிற் கொண்டுசெல்க. தடுப்புகளுக்கும் சில்லுகளுக்கும் அது நல்லது. பற்றரிக்கு அதுவும் முழுநிறைவு தராது.

தோழரின் கதையில் மீதியை இனிச் சொல்வோம். வண்டி தொடங்காததைக் கண்ட அவர், கராஜில் நெடுங்காலம் கிடந்த பழைய மின்னேற்றியை எடுத்து, அதன் உச்ச நிலையில், அந்த வெறுமைப் பற்றரிக்குத் தொடுத்தார். ஃபியட் டுக்காட்டோவின்மீது கட்டிய வண்டி அது. எஞ்சின் பற்றரி முன்னிருக்கையின் கால்வைக்கும் தளத்தின் கீழேயே உள்ளது. பிள்ளைகள் பின்னே அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தனர். ஒருமணி செல்லக் கூழ்முட்டை நாற்றம் எழுந்தது. குசினி வடிகால் என்று மருமகள் எண்ணினார். பெரிய பேத்தி மாத்திரம் தலையிடிக்கிறது என்றபடியால் எல்லோரும் வெளியே இறங்கினர். அது நல்ல காலம். பற்றரியின் பெட்டி தொடமுடியாத சூடேறிப் பக்கங்கள் புடைத்திருந்தன.

கெட்ட கலமுடைய பற்றரியை வலிந்து ஏற்றினால் அது நிறையாது, சூடேறும். சூடேறிய அமிலத்திலிருந்து ஐதரசன் சல்பைட்டு எழும். கூழ்முட்டை நாற்றம் அதனுடையதே. அது நச்சுவாயு. சிறிதளவில் நாற்றம் காட்டும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிற்று என்று கருதுதல் பெரும்பிழை. கூடவே எழும் ஐதரசனுக்கு மணமே இல்லை. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாற் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே அந்நாற்றம் எழுந்தால் முதலில் ஆட்களை இறக்கி, வீட்டுச் சுவரிலுள்ள ஆளியை அணைத்து, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, பற்றரி முற்றும் ஆறும்வரை கிட்டப் போகாதிருத்தல் வேண்டும். பற்றரி முனையிற் கவ்விய கம்பியை உடனே இழுத்துக் கழற்றுதல் கூடாது. அவ்விடத்தில் எழும் பொறியே போதும். பத்தரை உவோற்றிலும் கீழிறங்கிய பற்றரியை வண்டிக்குள் வைத்து ஏற்ற முயல்வதிலும், கழற்றித் திறந்த வெளியில் வைத்து, ஆள் பார்த்திருக்கச் சிறிய ஓட்டத்தில் முயல்வதே முறை. நாலைந்து மணியில் அழுத்தம் ஏறாது சூடு மாத்திரம் ஏறுமாயின் அதனைக் கைவிடுக. அன்றைய பயணம் தவறியது. பிள்ளைகள் இரண்டு வாரம் கழித்துப் புதிய பற்றரியோடு கடற்கரை கண்டனர்.

அண்மைக்காலத்தில் இல்லப் பற்றரியாக இலித்தியம்-இரும்பு-பொசுபேற்று வகையைப் பொருத்துவோர் பெருகி வருகின்றனர். அதன் இயல்பு ஈயத்துக்கு ஏறக்குறைய எதிர்மாறு. குறையேற்றத்தில் நிற்றல் அதற்குக் கேடன்று. நிறைவிலேயே மாதக்கணக்கில் வைத்திருத்தல்தான் ஆயுளைக் குறைக்கும். பாதியளவு அல்லது சிறிது கூடுதலாக வைத்து, இல்லப் பகுதியின் ஆளியை அணைத்துவிட்டால் மாரி முழுவதும் கிடக்கும். சுழியப் பாகைக்குக் கீழே அதற்கு மின்னேற்றல் ஆகாது. ஈயப் பற்றரியின் சல்பேற்றைக் கரைக்கவென்று மேலழுத்தத் துடிப்புகளைச் செலுத்தும் மின்னேற்றியை அதற்குத் தொடுத்தலும் ஆகாது. இல்லத்துக்கு இலித்தியமும் எஞ்சினுக்கு ஈயமும் உள்ள வண்டியில் ஒவ்வொன்றுக்கும் உரியதை வெவ்வேறாகவே பேணுதல் வேண்டும்.

ஊரிற் கொட்டகைக்குள் கார் வைத்துவிட்டு வெளிநாடு செல்வோர்க்குச் சில சொற்கள். இங்குள்ள வெம்மையிற் பற்றரியின் உள்ளிழப்பு இலண்டன் மாரியினும் பன்மடங்கு. மின்தடை நேரும்போதும் மீளும்போதும் தன்னியல்பாய் இயங்கத்தக்க படிமுறை மின்னேற்றியாகப் பார்த்து வாங்குக. சில கருவிகள் மின் ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் ஆளியை அழுத்தும்வரை சும்மா இருந்துவிடும், அதனை எவரும் கவனியார். மூடி திறக்கும் பற்றரியாயின் இரு மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சி வடித்த நீரின் மட்டத்தைப் பார்க்கும்படி உறவினரிடம் சொல்லிவைக்கலாம். கிணற்றுநீர் வேண்டாம், யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் தகட்டுக்குப் பகை. மின்னேற்றி வைக்க வழியில்லையாயின் முழுதும் நிறைத்து, கம்பிகளைக் கழற்றிவிடுவதே அடுத்த வழி. கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலிலும் நேர்முனையைப் பின்னும் கழற்றுக. மீண்டும் பூட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை ஈற்றில். எதிர்முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருத்தலால், ஒழுங்கு மாறினாற் கையிலுள்ள திருகுச்சாவி உடலிற் பட்டுப் பெரும்பொறி எழும். கழற்றுமுன் கதவுத் திறப்பைச் சட்டைப்பையில் இட்டுக்கொள்க. மின்பூட்டுள்ள கார்கள் சில, பற்றரி கழன்றதும் திறவாமல் நின்றுவிடுவதுண்டு.